வலிக்கு முகவரி கேட்பவர்கள்

"கடல் மீன் மட்டுந்தான் வாங்குவோம். பண்ணையில வளர்த்ததைத் தொடுறதில்ல." புதுச்சேரியில் ஓரளவு வசதியும் படிப்பும் உள்ள வீடுகளில் இந்தப் பேச்சு இப்போது சாதாரணமாகக் காதில் விழுகிறது. கறிக்கோழிக்கு ஊசி போடுகிறார்கள், பண்ணை இறாலுக்கு மருந்து கலக்கிறார்கள் என்ற பயத்தில்தான் இது தொடங்கியது. பிறகு மெல்ல அதன்மேல் ஓர் அறச்சாயம் ஏறிவிட்டது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் வந்து இறங்கும் மீன் சுதந்திரமாக நீந்தி வாழ்ந்தது, இயற்கையாகப் பிடிபட்டது, ஆகவே அதைத் தின்பதில் குற்றமில்லை என்கிறார்கள். கூண்டுக் கோழியும் குளத்து மீனும் சிறைப்பட்டவையாம். கொடுமை என்றால் அதுதான் கொடுமையாம். "கடலில் பிடித்தது" என்ற சொல் இன்று உணவகப் பட்டியலில் ருசிக்கும் மனசாட்சிக்கும் சேர்த்து விலை போகிறது.

இதற்கு மறுதரப்பும் உண்டு. பண்ணைத் தொழிலுக்காகப் பேசுகிறவர்கள் கேட்கிறார்கள்: காட்டில் பிறந்திருந்தால் இந்தக் குஞ்சைப் பருந்து தூக்கியிருக்கும், பாம்பு விழுங்கியிருக்கும், நோய் வந்து செத்திருக்கும். நாங்கள் வேளாவேளைக்குத் தீனியும் தண்ணீரும் தடுப்பூசியும் தருகிறோம். எது நல்ல வாழ்க்கை?

இரு தரப்பும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டாலும் இருவரும் செய்வது ஒரே தவறு. அந்த உயிர் எங்கே பிறந்தது என்று விசாரித்துவிட்டு, அது என்ன பட்டது என்று கேட்காமலே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். காடு நல்லது, பண்ணை கெட்டது என்பதும், பண்ணை நல்லது, காடு கெட்டது என்பதும் ஒரு நாணயத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பதுதான். விலங்கு நலனில் நாம் விசாரிக்க வேண்டியது ஒன்றே. நம் கையால் அந்த உயிர் என்ன பட்டது, அதே இடத்தில் நாம் வேறு விதமாக நடந்திருக்க முடியாதா? இந்த ஒப்பீட்டை விட்டுவிட்டுக் கடலையும் கூண்டையும் தராசில் வைத்து நிறுப்பது நம் பொறுப்பிலிருந்து நழுவுவதற்கு நாமே போட்டுக்கொண்ட குறுக்குவழி.

முதலில் கடல் மீனை எடுத்துக்கொள்வோம். அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டியிருக்கிறது தேங்காய்த்திட்டு. ஒரு பக்கம் அலையாத்திக் காடு, ஒரு பக்கம் விசைப்படகுகள் அணையும் மீன்பிடித் துறைமுகம். ஏலம் நடக்கும் இடத்தில் நின்று, விலையை விட்டுவிட்டு மீனை மட்டும் பாருங்கள். ஆழத்திலிருந்து இழுத்து வரப்பட்ட களவா மீனின் வாயில் வெளிறிய சதைப்பந்து ஒன்று உப்பி நிற்கும். நாக்கு என்று நினைப்பீர்கள். அது அதன் இரைப்பை. இந்த மீன்களின் உடலுக்குள் ஒரு காற்றுப்பை உண்டு. ஆழத்தில் நீரின் அழுத்தத்தால் அது அடங்கியிருக்கும். வலை விறுவிறுவென்று மேலே ஏறும்போது அழுத்தம் குறைந்து, உள்ளிருக்கும் காற்று விரிந்து, இரைப்பையை வாய்வழியே வெளியே தள்ளிவிடுகிறது. கண்ணும் பிதுங்குகிறது. இத்தனையும் நடக்கும்போது மீன் உயிரோடுதான் இருக்கிறது.

இழுவலையில் ஒரு இழுப்பு என்பது சாதாரணமாக 2 முதல் 4 மணி நேரம். முதல் அரைமணியில் சிக்கிய மீன் மிச்ச நேரமெல்லாம் வலையின் மடியில், பின்னால் வந்து விழும் மீன்களின் எடைக்குக் கீழே நசுங்கிக் கிடக்கிறது. தளத்தில் கொட்டிய பிறகு யாரும் அவற்றைக் கொல்வதில்லை. அவை தாமாகச் சாகும்வரை விடப்படுகின்றன. சில மூச்சுத்திணறிச் சாகும், சில ஐஸில் விறைத்துச் சாகும். வானவில் டிரவுட் என்ற மீன் காற்றில் திணறிச் சாகும்போது படும் வேதனையை அளக்க முயன்ற ஆய்வு ஒன்று 2025இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளிவந்தது. நடுத்தரம் முதல் கடுமை வரையான வேதனை சராசரியாக 10 நிமிடம். நிலைமையைப் பொறுத்து 2 நிமிடத்திலிருந்து 22 நிமிடம்வரை போகலாம் என்பது அதன் மதிப்பீடு. காற்றையும் சுவாசிக்கத் தெரிந்த விரால் போன்ற மீன்கள் தண்ணீர் இல்லாமல் இன்னும் நெடுநேரம் உயிரோடு கிடக்கும். சந்தையில் அதைத்தான் "துள்ளத் துள்ள" என்று புகழ்கிறோம்.

அலையாத்தி வேர்களுக்கிடையில் பிடிபடும் சேற்று நண்டின் கதையும் இப்படித்தான். உயிரோடு இருந்தால்தான் அதற்கு விலை. கொடுக்கையும் காலையும் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஈரச்சாக்கைப் போர்த்தி வைத்துவிட்டால் நாள்கணக்கில் சாகாது. கடைசியில் கொதிக்கும் நீர். இயற்கை, சுதந்திரம் என்ற சொற்கள் இந்த இடத்தில் எதைக் குறிக்கின்றன?

மீனுக்கெல்லாம் வலிக்குமா என்று கேட்டு இதைக் கடந்துவிட முடியாது. 2003இல் லின் ஸ்னெடனும் அவருடைய சக ஆய்வாளர்களும் டிரவுட் மீனின் தலைப்பகுதியில் வலியைத் தூண்டும் காயங்களை உணர்கிற நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் தீனியைத் தொடாமல், உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. வலிநிவாரணி கொடுத்தபோது அந்த நடத்தை குறைந்தது. மூளையில் மனிதருக்குள்ள புறணி மீனுக்கு இல்லை, ஆகவே வலி இல்லை என்று மறுக்கும் அறிவியலாளர்கள் இன்றும் உண்டு. அந்த வாதப்படி பறவைக்கும் வலி இருக்கக் கூடாது; அதை இன்று யாரும் நம்புவதில்லை. 2021இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஜோனதன் பர்ச் தலைமையிலான குழு 300க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து, நண்டு, இறால் வகைகளுக்கும் கணவாய் வகைகளுக்கும் உணர்வுத்திறன் உண்டு என்று கருதுவதே முறை என அறிக்கை கொடுத்தது. 2022இல் வந்த பிரிட்டனின் விலங்கு நலச் சட்டம் அவற்றைச் சேர்த்துக்கொண்டது. முழு நிச்சயம் வரும்வரை வலி இல்லை என்று வைத்துக்கொள்வோம் என்பது நமக்கு வசதியான முடிவு. தவறாகப் போனால் அதற்கு விலை கொடுப்பது நாமல்ல.

"சரி, சாவு கொடுமையாகவே இருக்கட்டும். சாகும்வரை சுதந்திரமாக வாழ்ந்ததே?" என்பது அடுத்த கேள்வி. இதற்கு நம் ஊர் கொடுவா மீனே பதில் சொல்லும். கொடுவா கழிமுகத்திலும் இருக்கிறது, குளத்திலும் இருக்கிறது. முதிர்ந்த ஒரு பெண் மீன் பல லட்சம் முட்டைகளை இடும். கடலில் கொடுவாவின் எண்ணிக்கை ஏறாமல் இறங்காமல் இருக்கிறது என்றால், ஒரு ஜோடியின் ஆயுள் முழுவதிலும் பிறந்த அத்தனை குஞ்சுகளில் பெரியதாகித் தன் இனத்தைத் தொடர்வது சராசரியாக இரண்டு மட்டுமே என்று பொருள். மிச்சத்தில் பெரும்பாலானவை சில மணி நேரத்திலோ சில நாளிலோ பசியாலும் பிற வாய்களாலும் முடிந்துபோகின்றன. தட்டில் கிடக்கும் பெரிய கொடுவாவைப் பார்த்து "எவ்வளவு நிறைவாக வாழ்ந்திருக்கும்" என்று நினைப்பவர், பிழைத்த ஒன்றை மட்டும் பார்த்து இனம் முழுவதற்கும் சான்று எழுதுகிறார். இயற்கையில் பிறப்பு பெருகுவதால் வேதனையும் பெருகுகிறது என்பதைப் பொருளாதார அறிஞர் இங் யூ-குவாங் 1995இலேயே எடுத்துப் பேசினார். விலங்குகளின் நலனை உயிரியலின் ஒரு துறையாகவே படிக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. காடும் கடலும் சொர்க்கம் அல்ல. ஆவணப்படங்களின் பின்னணி இசை அந்த எண்ணத்தை நமக்குள் விதைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி குளத்துக் கொடுவாவைப் பாருங்கள். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் கொடுவாவைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. அதன் குஞ்சுகளில் பெரியது சிறியதை விழுங்கும். ஆகவே அளவு பார்த்து அடிக்கடி பிரித்துவிட வேண்டும். பிரிக்காத தொட்டி ஒரு கொலைக்களம். அளவுக்கு மீறி அடைத்த குளத்தில் விடியற்காலையில் நீரின் ஆக்சிஜன் குறைய, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நெருக்கமில்லாமல் விட்டு, காற்றூட்டி, அறுவடையின்போது உடனே கொன்று எடுக்கும் பண்ணையும் இருக்க முடியும். அப்படி வளர்ந்த ஒரு கொடுவா, செவுள்வலையில் இரவெல்லாம் மாட்டித் திமிறிய ஆற்றுக் கொடுவாவைவிடக் குறைவாக வேதனைப்பட்டிருக்கலாம். நெருக்கியடித்த குளத்துக் கொடுவா அதைவிட அதிகமாகப் பட்டிருக்கலாம். "கடல்" என்ற சீட்டும் "பண்ணை" என்ற சீட்டும் இதில் எதையும் நமக்குச் சொல்வதில்லை.

இதைக் கேட்டுப் பண்ணைக்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். கடல் சொர்க்கமல்ல என்பதால் கூண்டு சொர்க்கமாகிவிடாது. நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் வழக்கமான கூண்டுக்குள் ஒரு முட்டைக் கோழிக்குக் கிடைக்கும் இடம் ஓர் ஏ4 தாளின் அளவுகூட இல்லை. இறக்கையை விரிக்க முடியாது. மண்ணைக் கிளற முடியாது. இதன் மூதாதையான காட்டுக்கோழி ஆண்டில் 10, 15 முட்டை இடும். இது 300 இடுகிறது. அத்தனை ஓட்டுக்கும் வேண்டிய சுண்ணாம்பு அதன் எலும்பிலிருந்தும் போவதால் எலும்பு பொடிந்துபோகிறது. முட்டையினத்தில் பிறக்கும் சேவல் குஞ்சு முட்டை இடாது, கறிக்கும் ஆகாது. பிறந்த அன்றே கொல்லப்படுகிறது. "வேளாவேளைக்குத் தீனி" என்பார்கள். கறிக்கோழி 40 நாளில் 2 கிலோ ஏறும்படி இனம் பிரித்து உருவாக்கப்பட்டது. அதன் காலும் இதயமும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. அந்தக் குஞ்சுகளைத் தரும் தாய், தந்தைக் கோழிகள் 40 நாளையும் தாண்டி உயிரோடு இருந்தாக வேண்டும். வயிறு நிறையத் தின்றால் உடல் பெருத்துச் செத்துவிடும். அதனால் அவற்றுக்குத் தீனியை அளந்து குறைத்து, பட்டினியிலேயே வைத்திருக்கிறார்கள். பசியில்லாத வாழ்வு தருகிறோம் என்ற தொழில், தன் மூலக்கோழியைப் பசியில் வைத்தே நடக்கிறது.

பருந்திடமிருந்து காப்பாற்றினோம் என்பதும் செல்லாது. கறிக்கோழிக்குக் காட்டில் ஒரு மாற்று வாழ்க்கை காத்திருக்கவில்லை. நாம் உருவாக்காவிட்டால் அது பிறந்தே இருக்காது. "பிறக்க வைத்தோமே, அதுவே உபகாரம்தானே" என்பார்கள் சிலர். இந்த வாதம் பழையது. ஹென்றி சால்ட் (லண்டனில் மாணவராக இருந்த காந்தியை ஈர்த்த சைவ உணவு நூலின் ஆசிரியர்) 1914இலேயே இதற்குச் 'சரக்கறைத் தர்க்கம்' என்ற பொருளில் பெயர் வைத்துக் கிழித்தெறிந்தார். பிள்ளையைப் பெற்றவன், "பெத்ததே பெரிசு, சோறு வேற போடணுமா?" என்று கேட்டால் ஊர் என்ன சொல்லும்? பிறப்பித்தவனுக்குக் கடன் கூடுமே தவிரக் குறையாது.

இந்த இரண்டு உலகங்களும் தனித்தனி என்ற நினைப்பே பொய் என்பதைத் துறைமுகத்திலேயே பார்க்கலாம். ஏலத்தில் விலை போகும் சங்கராவும் வஞ்சிரமும் ஒரு பக்கம் போகும். விரல் நீளப் பொடிமீனும், நசுங்கியவையும், பெயர் தெரியாதவையும் இன்னொரு பக்கம் குவியும். அந்தக் குவியல் காய்ந்து, பொடியாகி, மீன்தூளாகிக் கோழித்தீவனத்துக்கும் இறால் தீவனத்துக்கும் போகிறது. தமிழகக் கடற்கரையின் கழிவு மீனில் பெரும்பங்கு போய்ச்சேரும் இடம் இதுவே. கடல் சங்கராவுக்கு நீங்கள் கொடுக்கும் பணமும், பொடிமீனுக்குத் தீவன ஆலை கொடுக்கும் பணமும் ஒரே படகின் டீசலுக்குத்தான் போகின்றன. "நான் பண்ணைக்குத் துணைபோகவில்லை" என்று சொல்லிக்கொண்டு சங்கரா வாங்குகிறவர், பண்ணைக்குத் தீனி கொண்டுவரும் படகுக்குப் படியளக்கிறார். பண்ணை இறாலுக்கும் இதே கணக்கு. 2009 முதல் இங்கே அனுமதிக்கப்பட்ட வனாமி இறாலின் பொரிப்பகங்களில் தாய் இறால் சீக்கிரம் முட்டையிட வேண்டும் என்பதற்காக அதன் ஒரு கண்ணைக் காம்போடு நசுக்கியோ அறுத்தோ எடுக்கும் வழக்கம் உலகெங்கும் இருந்துவருகிறது. பண்ணை இறாலின் தீவனத்திலும் கடல் மீனின் தூள் உண்டு.

சட்டம் இந்தக் குழப்பத்தை அப்படியே எதிரொலிக்கிறது. பிரான்சில் 1850இல் வந்த கிராமோன் சட்டம் வீட்டு விலங்கைப் பொதுவெளியில் கொடுமைப்படுத்தினால் மட்டுமே தண்டித்தது. காட்டு விலங்கு கணக்கில் இல்லை. நாலு சுவருக்குள் நடப்பதும் கணக்கில் இல்லை. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடங்கிவைத்த முயற்சியின் பலனாக 1960இல் வந்த நமது பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் அதைவிட எவ்வளவோ விரிந்தது. மனிதர் அல்லாத எந்த உயிரும் அதன்படி விலங்குதான். மீனுக்கு விலக்கு இல்லை. ஒரு விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எவரும் அதற்குத் தேவையற்ற வலி நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 3ஆம் பிரிவு. தப்பிக்க முடியாதபடி ஏதேனும் ஒரு சாதனத்தால் தடுத்து வைக்கப்பட்ட வளர்ப்பல்லாத விலங்கையும் சிறைப்பட்ட விலங்கு என்றே அச்சட்டம் வரையறுக்கிறது. வலை அப்படியொரு சாதனம் இல்லையா? வலையின் வாய் மூடிய கணத்திலிருந்து அந்த மீன் "காட்டு உயிர்" இல்லை, நம் கைதி. சட்டத்தின் சொற்களை நேராகப் படித்தால் வருவது இதுதான். நடைமுறையோ வேறு. உணவுக்காகக் கொல்வதற்கு அச்சட்டம் விலக்கு தருகிறது. ஆனால் தேவையற்ற வலி கூடாது என்ற நிபந்தனையோடுதான். அந்த நிபந்தனையை மீனுக்கு எப்படிப் பொருத்துவது என்று யாரும் விதி எழுதவில்லை. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்.

1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு திசையில் பார்க்கிறது. அது இனத்தை எண்ணுகிறது. தனி உயிரின் வேதனை அதன் கண்ணில் படுவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் மீன்வளம் பெருகுவதற்காகவே. அது தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் இனம் பிழைத்திருப்பது வேறு, அதிலுள்ள ஓர் உயிர் நலமாக இருப்பது வேறு. மத்தி ஏராளமாகக் கிடைக்கிறது என்பது மத்திக்கு எந்த ஆறுதலும் இல்லை.

கடலில் நடப்பது இயற்கையின் வேலை, நமக்கென்ன என்று கைகழுவவும் வழியில்லை. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் தடைபட்டது. நகரத்துக் கடற்கரை அரித்துப்போனது. வடக்கே மீனவக் குப்பங்களின் ஓரத்தில் கருங்கல் கொட்டினார்கள். முட்டையிட மணல் தேடிவரும் பங்குனி ஆமை கருங்கல்லில் ஏற முடியாது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. இழுவலையில் மாட்டி மூச்சுத்திணறியதே காரணம் என்றார்கள் வல்லுநர்கள். வலையின் நடுவில் ஆமை வெளியேறுவதற்கு ஒரு கதவு வைக்கும் கருவி பல ஆண்டுகளாக இருக்கிறது. கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்றபடி ஒன்றை வடிவமைத்தும் கொடுத்திருக்கிறது. அதைப் பொருத்தாததால் இந்தியாவின் கடல் இறாலை 2019இல் அமெரிக்கா தடைசெய்தது. இவ்வளவுக்குப் பிறகும் அந்த ஆமையின் சாவை "காட்டு வாழ்க்கையின் இயல்பு" என்று எழுதுவது நேர்மையா?

மேல்நாட்டில் சில தத்துவவாதிகள் இதற்கு நேர் எதிர்க்கோடிக்குப் போய்விட்டார்கள். இயற்கையே கொடுமை என்றால் அதைத் திருத்த வேண்டியதும் நம் கடமை, வேட்டையாடும் விலங்குகள் இல்லாத உலகம் நல்லதல்லவா என்று கேட்கிறார்கள். அவர்களைப் புதுச்சேரிக்கு அழைக்கலாம். இரண்டு சுவர் கட்டினால் மணல் எப்படி நகரும் என்பதையே சரியாகக் கணிக்காத நாம் உணவுச் சங்கிலியைத் திருத்தி எழுதப் போகிறோமா? நாம் உண்டாக்கிய வேதனைக்கு நாம் பொறுப்பு. உதறி எறிந்த வலையில் சிக்கிய ஆமையை அறுத்துவிடுவது போல, வேறு கேடு விளைவிக்காமல் செய்யக்கூடியதற்கும் பொறுப்பு. அதற்கு அப்பால் நமக்கு அறிவும் இல்லை, அதிகாரமும் இல்லை.

இந்த ஊருக்குச் சரியான கேள்விகளைக் கேட்கத் தெரியாதா என்றால், தெரியும். மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30 காலை நடைப்பயிற்சியின்போது சாலையில் சரிந்து இறந்தாள். நகரமே திரண்டு அழுதது. லட்சுமி காட்டு இனம். வாழ்ந்ததோ கோயில் வாசலில். "இயற்கை", "பண்ணை" என்ற எந்தப் பெட்டியிலும் அவள் அடங்கமாட்டாள். அவள் நலமாக இருந்தாளா என்று யோசிக்கிற எவரும் அவள் நின்ற தரை எப்படிப்பட்டது, எவ்வளவு தூரம் நடந்தாள், தன் இனத்தோடு பழக வாய்ப்பிருந்ததா, வலி வந்தபோது யார் கவனித்தார்கள் என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது. நின்ற தரை, அசைய இடம், துணை, வலி, மருத்துவம், சாவு. பிரிட்டனில் 1965இன் பிராம்பெல் அறிக்கையில் தொடங்கிப் பின்னர் 'ஐந்து சுதந்திரங்கள்' என்று வகுக்கப்பட்டதும், 2014இல் நம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டு வழக்கில் எடுத்தாண்டதும் இதே கேள்விகள்தான். பெயர் வைத்துப் பழகிய உயிருக்கு இதைக் கேட்கிறோம். பெயர் வைக்காத கோழிக்கும் மீனுக்கும் முகவரியை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்கிறோம்.

மூன்று ஆட்சேபங்கள் வரும். முதலாவது, "கடலுக்குப் போகிறவன் உயிருக்கே உத்தரவாதம் இல்லை; மீனின் வலியைப் பேச வந்துவிட்டாயா?" என்பது. இது நியாயமான கோபம். என் குற்றச்சாட்டு வலை இழுக்கிற கூலி மீனவர்மேல் இல்லை. எத்தனை மணி நேரம் இழுப்பது, என்ன கண்ணளவு வலை போடுவது என்பதை டீசல் விலையும் ஏல விலையும் முடிவுசெய்கின்றன. சொல்லப்போனால், பிடிக்கும் முறையில் அறம் உண்டு என்பதை மீனவர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். 2021 ஆகஸ்டில் சுருக்குமடி வலை தொடர்பாக வீராம்பட்டினம், நல்லவாடு என்ற இரண்டு மீனவ ஊர்களுக்கு இடையே மோதலே மூண்டது. குஞ்சும் குருமானுமாக அள்ளிக்கொண்டு போகும் வலை சரியா தவறா என்ற வழக்கு கரையோர ஊர்களில் நெடுங்காலமாக நடக்கிறது. எல்லாக் கடல் மீனும் ஒன்றுதான் என்று நினைப்பது வாங்குகிற நாம் மட்டுமே.

இரண்டாவது, சைவ உணவுக்காரர்களுடையது: "இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? கொல்லாமல் இருந்தால் போதாதா?" வள்ளலாரின் வடலூர் இங்கிருந்து அதிக தூரமில்லை, அந்த வழியின் பெருமையை மறுக்க மாட்டேன். ஆனால் பாலுக்காகப் பிறப்பிக்கப்பட்ட ஆண் கன்று என்ன ஆயிற்று என்ற கேள்வி சைவச் சமையலறைக்கும் உண்டு. "எல்லாக் கொலையும் ஒரே பாவம்" என்று முடித்துவிட்டால், 2 நிமிடத்தில் செத்த மீனுக்கும் 22 நிமிடம் துடித்த மீனுக்கும் வித்தியாசம் இல்லை என்றாகிறது. சாகப்போகும் மீனுக்கு அந்த 20 நிமிடமே உலகம்.

மூன்றாவது, "இதையெல்லாம் பார்த்தால் எதையும் தின்ன முடியாது, ஏதாவது ஒரு எளிய விதி வேண்டாமா?" என்பது. எளிய விதி வேண்டும்தான். தவறான எளிய விதி வேண்டாம். கடலா பண்ணையா என்று கேட்பதை விட்டு, எப்படி வாழ்ந்தது, எப்படிப் பிடிபட்டது, எவ்வளவு நேரத்தில் செத்தது என்று மூன்றைக் கேளுங்கள். தூண்டிலில் பிடித்து அப்போதே தலையில் குத்திக் கொன்ற மீனுக்கும், நாலு மணி நேரம் மடியில் நசுங்கிய மீனுக்கும் விலையில் வித்தியாசம் வரட்டும். ஜப்பானில் மீனைப் பிடித்தவுடன் மூளையில் குத்திக் கொல்லும் முறை ஒன்று உண்டு. சதை கெடாமல் நெடுநேரம் நிற்பதால் அந்த மீனுக்கு விலையும் கூடுகிறது. இரக்கமும் வியாபாரமும் ஒரே பக்கம் சாயும் இடங்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்தாவது தொடங்கலாம்.

அரசு செய்ய வேண்டியவையும் தெளிவானவை. இழுவலைகளில் ஆமை வெளியேறும் கருவியும் குஞ்சு மீன் தப்பிக்கும் சதுரக்கண் மடியும் ஏட்டில் இல்லாமல் படகில் இருக்க வேண்டும். அவற்றின் செலவைக் கூலி மீனவர் தலையில் கட்டக் கூடாது. மீனையும் நண்டையும் கொல்லும் முறைக்கு விதி எழுத வேண்டும். முட்டைக் கோழிகள், கறிக்கோழிகளின் நிலை பற்றி சட்ட ஆணையம் 2017இல் கொடுத்த 269ஆம் அறிக்கையைத் தூசி தட்டி எடுக்க வேண்டும். இருசக்கர வண்டியின் இரு பக்கமும் கோழிகளைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டுப் போவதைத் தினமும் சாலையில் பார்க்கிறோம். அதைத் தடுக்கப் புதுச் சட்டம்கூட வேண்டாம், இருப்பதைச் செயல்படுத்தினால் போதும்.

பண்ணைக் கோழியை ஒதுக்கிவிட்டுக் கடல் மீனைத் தட்டில் வைத்துக்கொண்டவர் எந்த வேதனையையும் குறைத்துவிடவில்லை. தன் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அதை மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான். கூண்டுக்குள் தீனி போடுவதைக் கருணை என்பவரும் அப்படியே. அடுத்த முறை மீன் வாங்கும்போது "கடல் மீனா?" என்று கேட்காதீர்கள். "எந்த வலை, எப்போ பிடிச்சது, எப்படிச் செத்தது?" என்று கேளுங்கள். விற்கிறவருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். கேட்பவர்கள் பெருகினால், பதில் தெரிந்து வைத்திருக்க வேண்டிய நிலை அவருக்கும், அவருக்குக் கொடுத்த படகுக்கும், அந்தப் படகுக்கு உரிமம் கொடுத்த அரசுக்கும் வரும்.